விழுந்த லிஸ்பன், நின்ற லிஸ்பன்

லிஸ்பனுக்குப் போகிறவர்கள் குடையை மறந்தாலும் ஒரு தேதியை மறக்கக் கூடாது: 1755 நவம்பர் 1. போர்ச்சுகல் தலைநகரின் எந்தத் தெருவில் நின்றாலும், இது அந்தத் தேதிக்கு முந்தியதா, பிந்தியதா என்ற கேள்வி வந்து நிற்கும். தெரு நூல் பிடித்த மாதிரி நேராக ஓடுகிறதா? பிந்தியது. எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டி வழிவிட வேண்டியிருக்கிறதா? முந்தியது. வழிகாட்டிகள் கோட்டை, கோபுரம், டிராம், இனிப்பு என்று பட்டியல் போட்டு ஊரைக் காட்டுகிறார்கள். பட்டியலை முடித்துவிட்டு வருகிறவர்களிடம் லிஸ்பன் எப்படி என்று கேட்டால் ‘அழகான ஊர், கால் வலிதான் தாங்கவில்லை’ என்பார்கள். இரண்டும் உண்மை. ஆனால் ஒரே ஒரு காலைப்பொழுது ஒரு தலைநகரை எப்படி இரண்டாகக் கிழித்தது என்று தெரிந்துகொண்டு நடந்தால், கால் வலியை மறக்கும் அளவுக்குப் பார்க்க விஷயம் இருக்கிறது.

அன்று சனிக்கிழமை, சகல புனிதர்களின் திருநாள். காலை ஒன்பதே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால், ஊரில் பாதிப் பேர் பூசையில் இருந்தார்கள். பீடங்களில் மெழுகுவத்திகள், வீடுகளில் திருநாள் சமையலுக்கு மூட்டிய அடுப்பு. பூமி சில நிமிடங்கள் விடாமல் குலுங்கியது. தேவாலயக் கூரைகள் உள்ளே இருந்தவர்கள் மேலேயே இறங்கின. தப்பியவர்கள், தலைக்கு மேல் எதுவும் இல்லாத வெட்டவெளி தேடித் தேஜு ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். அங்கே ஆற்றுநீர் உள்வாங்கி, அடிமண்ணும் எப்போதோ மூழ்கிய கப்பல்களின் கட்டைகளும் தெரிந்தன. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நம் கடற்கரையில் யாருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் அலை வந்தது. அதற்குள் சாய்ந்த மெழுகுவத்தியும் கவிழ்ந்து விழுந்த அடுப்பும் பற்றிக்கொள்ள, ஊர் நாள்கணக்கில் எரிந்தது.

சுமார் இரண்டு லட்சம் பேர் இருந்த ஊர். செத்தவர்கள் முப்பதாயிரம் என்பாரும் உண்டு, ஐம்பதாயிரம் என்பாரும் உண்டு. ஆற்றோரத்து அரண்மனை எழுபதாயிரம் புத்தகங்களோடும் டிஷியன், ரூபென்ஸ் ஓவியங்களோடும் போனது. பக்கத்திலேயே பெரும் செலவில் கட்டிய ஓபரா அரங்கு. அந்த வசந்தத்தில்தான் திறந்திருந்தார்கள், ஓர் ஆண்டுகூட ஆடவில்லை. இத்தனை கோயில்கள் விழுந்தபோது அல்ஃபாமாவின் தாசித் தெரு மட்டும் விழாமல் நின்றதாக ஒரு பேச்சு ஐரோப்பா முழுக்கப் பரவி, பிரசங்கிகளின் வாயை அடைத்தது. வால்டேர் முதலில் ஒரு கவிதை எழுதினார், 1759இல் ‘கான்டீட்’ நாவலில் மறுபடி லிஸ்பனுக்கே வந்தார். அப்போது முப்பதைத் தாண்டியிருந்த கான்ட், கடவுளை விட்டுவிட்டுப் பூமிக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று 1756இல் கட்டுரைகள் எழுதினார்.

அரசர் முதலாம் ஜொசே அன்று குடும்பத்தோடு ஊருக்கு மேற்கே பெலேமில் இருந்ததால் பிழைத்தார். ஆனால் பயம் போகவில்லை. கல் கட்டடத்துக்குள் தூங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அஜுடா குன்றில் கூடாரமும் மரமுமாக ஓர் அரண்மனை போட்டுக் கொடுத்தார்கள். சாகும்வரை அதில்தான் இருந்தார். ஆட்சி, அமைச்சர் செபஸ்தியான் ஜொசே த கர்வால்யுவின் கைக்குப் போனது. பின்னாளில் கிடைத்த பட்டத்தால் பொம்பால் என்று வரலாறு அழைப்பது இவரைத்தான்.

பிணங்களைப் படகில் ஏற்றிக் கடலில் இறக்கினார், நோய் பரவவில்லை. கொள்ளையடித்தவர்களுக்குத் தூக்குமேடையை எல்லார் கண்ணிலும் படும் உயரத்தில் நாட்டினார். தானிய விலையை ஏற்ற விடவில்லை. அளந்து முடிக்கும்வரை யாரும் ஒரு செங்கல்லும் வைக்கக் கூடாது என்று தடை போட்டார். பிறகு நாடெங்கும் பங்குக் குருமார்களுக்குக் கேள்வித்தாள் போயிற்று. எத்தனை நிமிடம் அதிர்ந்தது, கடல் ஏறியதா இறங்கியதா, தரை எங்கே பிளந்தது, எத்தனை பேர் செத்தார்கள்? நிலநடுக்க அறிவியல் அந்தத் தாளில் தொடங்குகிறது என்று இன்றைய புவியியலாளர்கள் சொல்வதில் மிகை இல்லை. அதே கை வேறு வேலையும் செய்தது. இது பாவத்துக்குக் கிடைத்த தண்டனை, வீடு கட்டுவதை விட்டு ஜெபம் செய்யுங்கள் என்று பிரசங்கித்த சேசு சபைக் கிழவர் மலக்ரிதா 1761இல் கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டார். அதற்கு முன்பே, 1759இல், சபையையே நாடு கடத்தியாயிற்று. வீரமாமுனிவர் இருந்த சபைதான். அவர் இதையெல்லாம் பார்க்காமல் 1747லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

எனக்குப் பொம்பாலைவிட இன்னொருவர்மேல் மரியாதை அதிகம். மானுவெல் த மாயா, ராணுவத் தலைமைப் பொறியாளர். நிலநடுக்கத்தின்போது வயது 78. அரசு ஆவணக் காப்பகமும் அவர் பொறுப்பில் இருந்தது. கோட்டைக் கோபுரத்தில் இருந்த காப்பகம் இடிந்து விழ, இடிபாட்டுக்குள்ளிருந்து காகிதங்களை எடுத்துக் கோட்டை மைதானத்தில் மரக் கொட்டகை போட்டுக் காப்பாற்றினார். போர்ச்சுகலின் நினைவு பெரும்பாலும் பிழைத்தது அந்தக் கிழவரால்தான். அந்தக் கையோடு, ஊரை என்ன செய்வது என்று அறிக்கையும் எழுதினார். இருந்தபடியே கட்டலாம், தெருவை மட்டும் அகலப்படுத்தலாம், எல்லாவற்றையும் தரைமட்டமாக்கிப் புதிதாக வரையலாம், ஊரையே பெலேமுக்கு மாற்றிவிடலாம். இப்படிச் சாதக பாதகங்களோடு ஐந்து வழிகளை வைத்தார். புதிதாக வரைவது என்று முடிவானது. யூஜேனியோ தோஸ் சாந்தோஸும் ஹங்கேரிக்காரரான கார்லோஸ் மார்டெலும் வரைந்தார்கள்.

அப்படி எழுந்ததுதான் பைஷா, ஆற்றங்கரைச் சதுக்கத்துக்கும் ரொசியு சதுக்கத்துக்கும் நடுவே உள்ள பள்ளத்தாக்கு. சுற்றுலாப் பயணிகள் இதைப் பத்து நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். காந்தத்தில் ஒட்டும் பொம்மை வாங்க மட்டும் நிற்கிறார்கள். எல்லாக் கட்டடமும் ஒரே உயரம், ஒரே ஜன்னல், ஒரே மாதிரி வாசல். பார்க்க என்ன இருக்கிறது என்று தோன்றுவது நியாயம்தான். கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் சுவர் கூரையைத் தாண்டி மேலே துருத்திக்கொண்டிருக்கும். தீ ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குத் தாவாமல் இருக்க வைத்த தடை அது. ஜன்னல் சட்டமும் கல் வாசலும் ஒரே அளவில் முன்கூட்டியே மொத்தமாகச் செய்து கொண்டுவரப்பட்டவை. தங்கத் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைப்பவர் தெரு என்று தொழிலுக்கு ஒரு தெருவாக ஒதுக்கினார்கள். பெயர்ப்பலகையில் இன்றும் அந்தத் தொழில்களின் பெயர்கள்.

முக்கியமான விஷயம் கண்ணுக்குத் தெரியாது. சுவருக்குள் மரத்தால் ஒரு கூண்டு இருக்கிறது. நெடுக்கும் குறுக்குமாகக் கட்டைகள், நடுவில் பெருக்கல் குறி போட்ட மாதிரி சாய்வுக் கட்டைகள், இடைவெளியில் கல்லும் காரையும். தரை ஆடினால் மரம் வளைந்து கொடுக்கும். காரை உதிர்ந்தாலும் கூண்டு நிற்கும். ‘கயோலா’ என்று பெயர். மாதிரி ஒன்றைச் சதுக்கத்தில் நிறுத்தி, சுற்றிலும் படைவீரர்களைத் தடதடவென்று நடக்கவிட்டு அதிர்வைச் சோதித்தார்கள் என்று சொல்வார்கள். நிலநடுக்கத்தைத் தாங்கும்படி திட்டமிட்டு ஒரு பட்டணத்தின் மையத்தையே கட்டியதில் ஐரோப்பாவில் இது மிகப் பழைய முயற்சிகளில் ஒன்று. பின்னால் வந்த கட்டுமானக்காரர்கள், கடைக்கு இடம் வேண்டும் என்று தரைத்தளத்தில் கூண்டுச் சுவரையே இடித்த கதையும் உண்டு.

கூண்டுக்கும் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க ஓர் இடம் இருக்கிறது. கொரெய்ரோஸ் தெருவில் ஒரு வங்கி, 1990களில் மராமத்துக்காகத் தோண்டியபோது ரோமானியர் காலத்துத் தொட்டிகள் வெளிப்பட்டன. மீனை உப்பில் ஊறப்போட்டுப் பதப்படுத்திய தொட்டிகள். வங்கி அதை மூடாமல் அருங்காட்சியகமாக்கிவிட்டது. முன்பதிவு செய்துகொண்டால் சிறு குழுவாக வழிகாட்டியோடு கீழே இறக்குவார்கள். தாழ்ந்த கூரை, ஈர வாடை. பக்கத்தில் கருத்துப்போன தூண்கள் மாதிரி மண்ணுக்குள் இறங்குபவை பைன் மரக் கட்டைகள். பைஷா முழுவதும் இப்படிப்பட்ட கட்டைகளின்மேல்தான் நிற்கிறது. கீழே நிலத்தடி நீர்; நீரில் முழுகியே இருப்பதால் மரம் அழுகவில்லை. நீர் வற்றினால்தான் ஆபத்து. இருநூற்றைம்பது ஆண்டுக்கும் மேலாக ஒரு தலைநகரின் கடைத்தெருவைத் தாங்கும் மரத்தை இவ்வளவு பக்கத்தில் பார்க்கக் கிடைக்கும் இந்த அடித்தளத்துக்குக் கோட்டைக்கு வரும் கூட்டத்தில் நூறில் ஒருவர்கூட வருவதில்லை.

மேலே ஏறி ஆற்றங்கரைச் சதுக்கத்துக்கு வந்தால் நடுவில் வெண்கலக் குதிரைமேல் ஜொசே அரசர், 1775இல் வைத்த சிலை. குதிரை பாம்புகளை மிதிக்கிறது. கட்டடம் என்றாலே நடுங்கியவரை நான்கு பக்கமும் வெட்டவெளி பார்த்து வைத்தது பொருத்தம்தான். அரண்மனை இருந்த இடம் என்பதால் லிஸ்பன்காரர்கள் இதை இன்றும் ‘அரண்மனைத் திடல்’ என்றே சொல்கிறார்கள். அரசாங்கம் சூட்டிய ‘வணிகச் சதுக்கம்’ வரைபடத்தில் இருக்கிறது. 1908இல் கார்லோஸ் அரசரும் பட்டத்து இளவரசரும் வண்டியில் வந்தபோது சுடப்பட்டதும் இங்கேதான். இரண்டே ஆண்டில் முடியாட்சி முடிந்தது.

விழுந்ததை விழுந்தபடியே விட்ட இடங்கள் இரண்டு. ஒன்று எல்லாருக்கும் தெரிந்த கார்மு மடம். குன்றின் உச்சியில் கோதிக் தேவாலயம், மேலே விலா எலும்பு போல வளைவுகள், அதற்கு மேல் வானம். நிலநடுக்கத்தில் கூரை போனது. திரும்பக் கட்டத் தொடங்கினார்கள். 1834இல் அரசு மடங்களைக் கலைத்ததும் வேலை அப்படியே நின்றது. இடிபாடுதான் அழகு என்று நினைத்த காலம் அது என்பதால் யாரும் மூட முயலவில்லை. தரையில் இப்போது புல். பைஷாவிலிருந்து இங்கே ஏற 1902இல் வைத்த சாந்தா ஜுஸ்தா என்ற இரும்பு லிஃப்ட் உண்டு. 45 மீட்டர் உயரம். அதற்கான வரிசை சில சமயம் மடத்தைப் பார்க்க ஆகும் நேரத்தைவிட நீளும். ஷியாடு பகுதி வழியாக நடந்தே ஏறிவிடலாம். வழியில் 1732இல் தொடங்கிய பெர்ட்ராண்ட் புத்தகக்கடை இருக்கிறது. அதுவும் நிலநடுக்கத்தில் இடம் பெயர்ந்து, பிறகு திரும்பி வந்ததுதான்.

கார்மு மடத்துக்கு வெளியே உள்ள சிறு சதுக்கத்தில் கொஞ்சம் உட்கார வேண்டும். 1974 ஏப்ரல் 25 அன்று, சர்வாதிகாரி சலசாருக்குப் பின் பதவிக்கு வந்த மார்செலோ கயத்தானோ பதுங்கியிருந்த காவல்படைத் தலைமையகம் மடத்தை ஒட்டியேதான் இருக்கிறது. கேப்டன் சல்கெய்ரு மாயா கவச வண்டிகளோடு வந்து முற்றுகையிட்டார். ஜனங்கள் மரத்தின்மேல் ஏறி வேடிக்கை பார்த்தார்கள். சாயங்காலம் கயத்தானோ சரணடைந்தார். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டுச் சர்வாதிகாரம் முடிந்தது. உணவகத்தில் வேலை பார்த்த செலஸ்தே கயேரு, அன்று ஆண்டுவிழாவுக்காக வாங்கி வைத்து, கடை திறக்காததால் மிஞ்சிய கார்னேஷன் பூக்களைச் சிப்பாய்களிடம் கொடுக்க, அவர்கள் துப்பாக்கி முனையில் செருகிக்கொண்டார்கள். புரட்சிக்கே பூவின் பெயர் வந்துவிட்டது.

இன்னோர் இடம் சாவ் டொமிங்கோஸ் தேவாலயம். ரொசியுவுக்குப் பின்னால், வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண முகப்பு. உள்ளே காலெடுத்து வைத்ததும் நடை தானாக நின்றுவிடும். 1755இல் உடைந்து, திரும்பக் கட்டி, 1959இல் மறுபடி தீப்பிடித்தது. 1990களில் திறந்தபோது கூரையை மட்டும் போட்டு, சுவருக்குச் செம்மண் நிறம் பூசிவிட்டு, தூண்களை எரிந்த கோலத்திலேயே விட்டுவிட்டார்கள். பளிங்கு வெந்து பொரிந்திருக்கிறது. ஒரு தூணின் பாதி, பட்டை பட்டையாக உரிந்து, கையை உள்ளே விடும் அளவுக்குக் குழிந்திருக்கிறது. மேலே வளைவில் செதுக்கியிருந்த உருவங்கள் கண் மூக்கு தெரியாத கட்டிகளாகிவிட்டன. நடுவில் வழக்கம்போல் பூசை நடக்கிறது. இந்தத் தேவாலயத்துக்கு அதைவிடப் பெரிய கரி ஒன்றும் உண்டு. 1506 ஏப்ரலில், கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட யூதர்களுக்கு எதிரான படுகொலை இதன் உள்ளேதான் தொடங்கியது. மூன்று நாளில் ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். வாசலில் அதற்கு ஒரு நினைவுக்கல், 2008இல் வைத்தது. அங்கிருந்து சில எட்டில் 1840 முதல் நடக்கும் ஜின்ஜின்யாக் கடை, புளிப்புச் செர்ரியில் செய்த மதுவைச் சின்னக் கிண்ணத்தில் நின்றபடியே குடிக்கும் கடை. சாயங்காலம் கூட்டம் கிண்ணத்தோடு நினைவுக்கல்வரை வந்துவிடுகிறது.

இனி நின்ற லிஸ்பன். கோட்டைக் குன்றின் சரிவில் இருக்கும் அல்ஃபாமா பாறைமேல் கட்டப்பட்டது. அதனால் பெரும்பகுதி தப்பியது. ஆற்று வண்டலில் இருந்த பைஷாதான் நொறுங்கியது. அல்ஃபாமாவில் வரைபடம் பயன்படாது. படிக்கட்டு இறங்குகிறதா ஏறுகிறதா என்பதைப் பார்த்தால் போதும். இறங்கிக்கொண்டே இருந்தால் ஆறு வந்துவிடும். உச்சியில் உள்ள சாவ் ஜோர்ஜ் கோட்டை மட்டும் பார்ப்பதற்குத்தான் பழசு. 1147இல் மூர்களிடமிருந்து பிடித்த கோட்டைதான். ஆனால் இன்று நிற்கும் மதிலின் பெரும்பகுதி சலசார் காலத்தில், 1940 கண்காட்சிக்காக, இடைக்காலக் கோட்டை எப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தார்களோ அப்படிக் கட்டியது. டிக்கெட் காசுக்கு மேலிருந்து ஊர் தெரிகிறது, மயில்கள் அகவுகின்றன. அதே ஊரைக் காசில்லாமல் பார்க்க கிராசா, சென்யோரா து மோந்த் என்று அரை டஜன் மேடுகள் உண்டு. சாந்தா லூசியா மேட்டுக்குப் போனால், தேவாலயத்தின் வெளிச்சுவரில் நீல ஓட்டுப் படத்தில் நிலநடுக்கத்துக்கு முந்திய அரண்மனைத் திடலைப் பார்க்கலாம். இதையே பெரிதாகப் பார்க்க விரும்புகிறவர்கள் தேசிய ஓட்டு அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். 1700ஐ ஒட்டி வரைந்த, ஏறத்தாழ 23 மீட்டர் நீளப் படம். ஆற்றிலிருந்து பார்த்த முழு லிஸ்பனும் ஒரே சுவரில். பழைய கட்டடங்களுக்கு மராமத்து ஓயாது, திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

நிலநடுக்கத்துக்குத் தப்பிய அல்ஃபாமா சுற்றுலாவுக்குத் தப்பவில்லை. வாசல் கம்பிகளில் எண் பூட்டுப் பெட்டிகள் வரிசையாகத் தொங்குகின்றன, நாள் வாடகைக்கு வருகிறவர்கள் சாவியை எடுத்துக்கொள்ள. காலை விமானத்துக்குக் கிளம்புகிறவர்களின் பெட்டிச் சக்கரம் கருங்கல் தளத்தில் கடகடவென்று உருளும் சத்தம்தான் தெருவை எழுப்புகிறது. வாடகை ஏறியதில் பிறந்த வீட்டை விட்டு ஊருக்கு வெளியே போனவர்கள் ஏராளம். மாநகராட்சி இப்போது புதிய உரிமங்களுக்குக் கட்டுப்பாடு போட்டிருக்கிறது. 2024 செப்டம்பரிலிருந்து தங்கும் வரியை இரவுக்கு ஆளுக்கு 4 யூரோவாக்கியது. நாமும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான் என்பதால் இதில் யாரையும் குறை சொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் நிஜமான ஹோட்டலில் அறை எடுப்பது கையில் இருக்கிறது.

இதே சந்துகளில் வளர்ந்தது ஃபாடோ பாட்டு. சாப்பாட்டோடு ஃபாடோ நடத்தும் கடைகளில் நல்லதும் உண்டு, ஏமாற்றும் உண்டு. ஒரு சின்ன அடையாளம்: நல்ல இடத்தில் பாட்டு தொடங்கும் முன் விளக்கு மங்கும், பரிமாறுபவர் தட்டோடு அப்படியே சுவரோரம் நின்றுவிடுவார், யாராவது பேசினால் பக்கத்து மேசையே அடக்கும். பன்னிரண்டு தந்தி கிதாரும் சாதாரண கிதாரும் ஒரு குரலும்தான். மைக் வைத்துக் கைதட்டச் சொல்கிற இடமென்றால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்.

அல்ஃபாமாவை ஊடுருவிப் போகும் 28ஆம் எண் டிராம் எல்லாப் படத்திலும் வருவது. 1930களின் மஞ்சள் வண்டி, மரப் பெஞ்சு, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் வீட்டுச் சுவர். மார்த்திம் மொனீஸ் சதுக்கத்தில் ஏற நிற்கும் வரிசையைப் பார்த்தால் ஆசை போய்விடும். காலையிலேயே மறுமுனையான பிரசேரெஸ் கல்லறைப் பக்கம் போய் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். பர்ஸை முன்பையில் வையுங்கள். மலையேறும் கம்பிவட வண்டிகளைப் பற்றிப் பேசும்போது இப்போது யாருக்கும் குரல் இறங்கிவிடுகிறது. 1885 முதல் ஓடிய க்ளோரியா வண்டி, 2025 செப்டம்பர் 3 மாலை வடம் விட்டுப்போய்ச் சரிவில் பாய்ந்து கவிழ்ந்தது. 16 பேர் இறந்தார்கள். ஊர்க்காரர்களும் உண்டு, நம்மைப் போல் ஊர் பார்க்க வந்தவர்களும் உண்டு.

நம் ஊர் பக்தர்களுக்கு லிஸ்பனில் ஓர் உறவுக்காரர் இருக்கிறார். புளியம்பட்டியிலும் கச்சத்தீவிலும் கூட்டம் சேர்க்கும் கோடி அற்புதர் அந்தோணியார் 1195இல் பிறந்தது இங்கே. பதுவையில் இறந்ததால் உலகத்துக்கு அவர் பதுவை அந்தோணியார். லிஸ்பன்காரர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. பேராலயத்துக்கு எதிரே, அவர் பிறந்த வீடு இருந்ததாகச் சொல்லும் இடத்தில் கோயில். 1755இல் இதுவும் விழுந்தது. ‘அந்தோணியாருக்கு ஒரு காசு’ என்று தெருத் தெருவாகப் பிள்ளைகள் கையேந்திச் சேர்த்த பணமும் சேர்ந்து திரும்ப எழுந்தது. ஜூன் 12 இரவு அவருக்காக ஊரே தெருவில் இருக்கிறது. வாசலுக்கு வாசல் மத்தி மீன் சுடும் புகை, துளசியை ஒத்த ஒரு சிறு செடி தொட்டியில், கல்யாணம் ஆகாதவர்களின் வேண்டுதல்கள். மீன் வாடை ஆகாதவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடலாம்.

பெலேமும் நின்ற லிஸ்பன்தான். ஆனால் இங்கே நிற்பது மிளகுப் பணம். ஜெரோனிமோஸ் மடத்தை 1501இல் மானுவெல் அரசர் தொடங்கினார். ஆப்பிரிக்காவிலிருந்தும் கீழ்த்திசையிலிருந்தும் வந்த சரக்கின்மேல் போட்ட வரியில் கட்டினார்கள். உள்முற்றத் தூண்களில் கயிறு, சங்கிலி, பவளம், கடற்பாசி எல்லாம் கல்லில் முறுகி ஏறுகின்றன. வாசலுக்குள் இடப்பக்கம் வாஸ்கோ ட காமா, கைகூப்பிப் படுத்த கோலம். 1524இல் கொச்சியில் செத்து, அங்கே புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் புதைந்து, பிறகு போர்ச்சுகல் வந்து, 1880இல் இங்கே சேர்ந்தார். 1502இல் மக்கா யாத்திரை முடித்துத் திரும்பிய கப்பலைப் பெண்கள், குழந்தைகளோடு சேர்த்துக் கொளுத்தியவர் இந்தக் கைகூப்பிய ஆள்தான். கல்லறையில் கப்பல் செதுக்கியிருக்கிறார்கள், அந்தக் கப்பல் அல்ல. பெரும்பாலோர் இங்கே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். உள்ளே பீடம் வரை போங்கள். மானுவெல், அவர் மகன் மூன்றாம் ஜுவாவ், அரசிகள் என்று ஒவ்வொரு கல்லறையையும் இரண்டிரண்டு பளிங்கு யானைகள் முதுகில் சுமக்கின்றன. இருட்டு மூலையில், துதிக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஐரோப்பிய அரசர்களின் கீழே நம் ஊர் மிருகம்.

ஆற்றோரத்து பெலேம் கோபுரத்தில் அதைவிட வேடிக்கை ஒன்று. ஒரு காவல் கூண்டின் அடியில் தேய்ந்துபோன காண்டாமிருகத் தலை. குஜராத் சுல்தான் கொடுத்து, கோவாவிலிருந்து கப்பலேறி 1515 மே மாதம் லிஸ்பனில் இறங்கியது. ரோமானியருக்குப் பின் ஐரோப்பா கண்ட முதல் காண்டாமிருகம். அரசர் யானையோடு மோதவிட்டார், யானை ஓடிவிட்டது. பிறகு போப்புக்குப் பரிசாக அனுப்பியதில் இத்தாலிக் கரையருகே கப்பலோடு மூழ்கியது. வேறொருவர் அனுப்பிய கோட்டுப்படத்தையும் வர்ணனையையும் வைத்துத்தான், நேரில் பார்க்காமலே, ஓவியர் ட்யூரர் தன் புகழ்பெற்ற படத்தைச் செதுக்கினார். கோபுரத்துக்குப் பக்கத்தில் 52 மீட்டர் உயரத்தில் மாலுமிகள் முண்டியடிக்கும் நினைவுச்சின்னம், 1960இல் சலசார் அரசு கட்டியது. யாழ்ப்பாண அரசை 1619இல் விழுங்கியவர்களைப் பற்றி அதன் முகத்தில் ஒரு சங்கடமும் தெரியவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. முன்னால் தரையில் பதித்த உலக வரைபடத்தில் குழந்தைகள் கண்டம்விட்டுக் கண்டம் தாண்டுவது மட்டும் பிடித்தது.

யானைமேல் படுத்திருக்கும் மூன்றாம் ஜுவாவின் ஆணையில்தான் 1554 பிப்ரவரி 11 அன்று லிஸ்பனில் ஒரு சிறு நூல் அச்சானது. தமிழும் போர்ச்சுகீசியமும் சேர்ந்த ஜெபப் புத்தகம். தமிழை ரோமன் எழுத்தில், சிவப்பும் கறுப்புமாக, வார்த்தைக்கு வார்த்தை பொருளோடு அச்சிட்டார்கள். வின்சென்ட் த நசரேத், ஜோர்ஜ் கர்வால்யு, தோமா த குருஸ் என்று பெயர் மாறிய மூன்று தமிழர்கள் உருவாக்கியது. அவர்களுடைய பழைய பெயர்கள் புத்தகத்தில் இல்லை. இந்திய மொழி ஒன்றில் அச்சேறிய முதல் நூல் இதுதான். தமிழ் எழுத்திலேயே ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் வர இன்னும் 24 ஆண்டு ஆக வேண்டியிருந்தது. அச்சிட்ட ஊர் எரிந்து போயிற்று. தெரிந்த ஒரு பிரதி பிழைத்து, பெலேம் அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தது. பெலேம் பக்கம் போகும் தமிழர்களுக்கு இது தெரிந்திருந்தால் போதும்.

ஜெரோனிமோஸ் மடத்துச் சமையலறையிலிருந்து வந்ததாகச் சொல்வது, வெளியே 1837 முதல் விற்கும் முட்டைக் கூழ் இனிப்பு. துறவாடைக்குக் கஞ்சி போட வெள்ளைக்கரு செலவானதால் மஞ்சள்கரு மிஞ்சியது என்பது விளக்கம். மற்ற கடைகளில் பாஸ்தெல் த நாத்தா, இங்கே பாஸ்தெல் த பெலேம். சூடாக, மேலே லேசாகக் கருகியது, பட்டைத்தூள் தூவிச் சாப்பிட வேண்டும். அந்தப் பட்டைக்காகத்தான் இலங்கையை விடமாட்டேன் என்று ஒன்றரை நூற்றாண்டு பிடித்துவைத்திருந்தார்கள். பக்கல்யாவ் என்பது காட் மீன் கருவாடு. தங்கள் கடலில் கிடைக்காத மீனை நார்வேயிலிருந்து வரவழைத்து, ஊறவைத்து உப்பை இறக்கி, நூறு விதமாகச் சமைக்கிறார்கள். கருவாட்டு ருசி தெரிந்தவர்களுக்கு முதல் வாயிலேயே பழகிவிடும். சைவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். கீரை சூப் என்று தருவதில் பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும், முன்கூட்டியே சொல்ல வேண்டும். முடியாத நாளில் மார்த்திம் மொனீஸுக்கு நடந்துவிட்டால் வங்கதேச, இந்திய, நேபாளக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பருப்பும் சோறும் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. ஹோட்டல் மேசையில் உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, வெண்ணெய், ஆலிவ், சீஸ் வந்து இறங்கும். உபசரிப்பு என்று நினைத்துக் கைவைக்க வேண்டாம், தட்டுக்குத் தட்டு விலை உண்டு. வேண்டாம் என்று கைகாட்டினால் முகம் சுளிக்காமல் எடுத்துப் போய்விடுவார்கள். ஓர் ஆலிவைக் கடித்துவிட்டால் பில்லில் ஏறிவிடும். ரொட்டியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அது நன்றாக இருக்கும்.